இரைச்சல் விட்ட வழி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தும்மினால்கூட என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். கடுங்குளிர்ப் பெட்டிக்குள் ஒரு சின்னச் சில்லு. அதில் ஒன்றோடொன்று பிணைந்த சில குவாண்டம் புள்ளிகள், அதாவது ஆற்றலைப் பிடித்து வைக்கும் மிக நுண்ணிய துகள்கள். முதல் புள்ளியில் விடுகிற ஆற்றல் கடைசிப் புள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவோ அலையாகப் பரவி, தன்னைத்தானே மறித்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிடும். வெளித்தொந்தரவுதான் காரணம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். விசிறியை நிறுத்தினேன், கம்பிகளுக்கு உறை மேல் உறை போட்டேன். ஆற்றல் மசியவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் எதையாவது காட்டாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழாதான் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். எனக்கு வேறு வேலை கிடைக்கும். என் கொழுந்தன் பாடுதான் திண்டாட்டம். என்னை நம்பி இதில் சேர்ந்தவர். வேலையோடு நிறுவனம் கொடுத்த வீடும் போய்விடும். நிறைமாதக்காரியான அவர் மனைவி பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்திருந்தாள்.

வியாழன் காலை, கடைசிப் புள்ளியில் ஆற்றலின் அளவு மளமளவென்று ஏறியது. நான் சந்தோஷப்படுவதற்குள் கொழுந்தன் முகம் வெளுத்துப்போனது. வெளி இரைச்சலைத் தடுக்கும் மின்வடிகட்டியைச் சோதிக்க மாட்டிய இரைச்சல் பெட்டியைக் கழற்ற மறந்திருக்கிறார். வேண்டுமென்றே மின்னிரைச்சலை உண்டாக்கும் பெட்டி அது. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"திட்டினது போதும் அண்ணி," என்றார். "இரைச்சல் ஓடட்டும். ஆற்றலை விடாம ஒரு தடவை அளந்து பாருங்க. வந்தது இரைச்சலா, நம்ம ஆற்றலான்னு தெரிஞ்சிடும்."

அளந்தேன். கடைசிப் புள்ளியில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் முன்பு வந்தது எங்கள் ஆற்றலேதான். இரைச்சலை ஏகத்துக்குக் கூட்டினோம், வரவு குறைந்தது. அறவே நிறுத்தினோம், பழையபடி சிக்கிக்கொண்டது. அளவான இரைச்சல் இருந்தால்தான் அலைகளின் மறிப்பு குலைந்து ஆற்றலுக்கு வழி கிடைக்கிறது. இவ்வளவு காலம் எதை விரட்டியடித்தேனோ அதுதான் அதைக் கரை சேர்த்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பல மடங்கு நிம்மதியாக இருந்தது.

இயக்குநர் தன் கண்ணெதிரே எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னார். இரைச்சல் அளவாக, அதிகமாக, இல்லாமல் என மூன்று விதத்திலும் முன்பு வந்த அதே விடைகள். திட்டம் தொடரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொழுந்தன் தன் மனைவியைப் போனில் கூப்பிட்டு, போனை என்னிடமே நீட்டினார். நான் வாங்கிப் பேசினேன்.

"கட்டினதையெல்லாம் அப்படியே போட்டுடும்மா. நீ குனியாதே. சாயங்காலம் நான் வந்து அடுக்கித் தர்றேன்."

"நிஜமாவா அக்கா?"

"நிஜம்தான். குழந்தை அந்த வீட்டுக்கே வரட்டும்."