காசியின் லைட் மீட்டர்

பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் எனக்கு லைட் மீட்டர்கள் கூரியரில் வருகின்றன. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற வாட்ச் கடையை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ! பிலிம் கேமராவை மறுபடியும் தூக்கிக்கொண்டு அலைகிற பிள்ளைகள். போட்டோ எடுக்கும் முன் வெளிச்சத்தை அளக்கிற சின்னப் பெட்டி அது. பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு செலீனியம் செல். வெளிச்சம் பட்டால் அதுவே கரண்ட் தந்து முள்ளை நகர்த்தும். ஈரம் ஏறினால் செல் செத்துப்போகும். நான் அதைக் கழற்றிவிட்டு, சோலார் கால்குலேட்டரில் இருப்பது போன்ற புதுச் செல்லை அளவாக வைத்து, முள் சரியாக நிற்க ஒரு ரெசிஸ்டரும் சேர்த்துக் கொடுப்பேன். சண்முகையா வேலை சுத்தம் என்று பெயர். அந்தத் திமிரும் எனக்கு உண்டு.

போன மாதம் என் தங்கை மாரிசெல்வி ஒரு மீட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இருபது வருஷத்தில் அவள் என் கடைப்படி ஏறியது அதுதான் முதல் தடவை.

"அவுக மீட்டரு. ஓட மாட்டேங்கு. தொறந்து பாருண்ணே."

அவுக என்றால் காசி, அவள் புருஷன். போட்டோகிராபர். போன வருஷம் இறந்துபோனான். சாவுக்குப் போனவன் தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

"விக்கப் போறியா?"

"பதினெட்டாந் தேதி வருசத் தெவசம். பாண்டியராஜ் வரமாட்டேங்கான். 'குடிகாரனுக்கு என்ன தெவசம்'னு கேக்கான். மவன் இல்லாம நான் எப்படிச் செய்ய? நீ மொதல்ல அதத் தொற."

பாண்டியராஜ் அவள் மகன், சென்னையில் வேலை. அப்பன் குடிகாரன் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

எங்கள் அம்மாவுக்கு ஆயுசில் ஒரு போட்டோ கிடையாது. படுத்த படுக்கையானபோது காசியைக் கூப்பிட்டேன். கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் பிளாஷ் போடக்கூடாது என்றேன். மீட்டரை அம்மாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தான். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். படம் வந்தது. கட்டில் கால் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரே வெள்ளை.

பதினாறாம் நாள் விசேஷத்தில், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்தேன். "குடிச்சிட்டு வந்துல்லா எங்கம்மைய எடுத்திருக்கான்!" என்று கத்தினேன். எப்போதாவது குடிப்பவன்தான். அன்றைக்குக் குடித்திருந்தானா என்று நான் யோசிக்கவே இல்லை. அவனும் வாய் திறக்கவில்லை. ஊர் நம்பியது. கல்யாண ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் தறி ஓட்டப் போனான். பாண்டியராஜுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு என் கடை வழியாகத்தான் போவான். பார்க்கும்போதெல்லாம் சொன்னேன்.

மாரி கொண்டுவந்த மீட்டரின் நான்கு திருகாணியையும் கழற்றி மூடியைத் திருப்பினேன். எனக்கு ஒரு பழக்கம். நான் பார்த்துக் கொடுக்கிற எதிலும் மூடியின் உள்பக்கம் ஊசியால் என் எழுத்தையும் தேதியையும் கீறிவிடுவேன். நாளைக்கு எவனும் சண்டைக்கு வரக்கூடாது பாருங்கள். இதிலும் இருந்தது: 'ச. 14-6-04.'

அம்மாவைப் படம் எடுத்தது அந்த மாதம் பதினேழாம் தேதி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. "வீட்டுக்குள்ள கொறைச்சுக் காட்டுது மச்சான்" என்று காசி இதே மேசைக்கு முன்னால் நின்றான். நான் வாசலுக்குப் போய் உச்சிவெயிலில் நீட்டிப் பார்த்தேன். நிழலில் பிடித்துப் பார்க்கவில்லை, இன்னொரு மீட்டரோடு ஒப்பிடவும் இல்லை. "முள்ளு ஓடுதுல்லா? போ மாப்ள" என்று தேதியைக் கீறிக் கொடுத்துவிட்டேன். சாகக் கிடக்கிற செல்லும் வெயிலில் முள்ளை ஓட்டும். வீட்டுக்குள் இருக்கிற வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும். அதை நம்பி எடுப்பவன் தேவைக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடுவான், படம் வெளுத்துப்போகும். என் அம்மாவின் முகத்தை அழித்தவன் நான்.

மாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு இது தெரியுமாட்டி?"

"படம் போச்சுன்ன அன்னைக்கே அவுக தொறந்து பாத்துட்டாக. நீ கீறி வச்சத எனக்கும் காட்டுனாக. 'ஒங்கண்ணன் பெத்தவளப் பறிகுடுத்துட்டு நிக்கான், இதையும் சொன்னா உசுரோட இருக்க மாட்டான்'னாக. நீ சட்டையப் பிடிச்ச பொறவும் அதேதான் சொன்னாக. என்னையும் சொல்ல விடல. இருபது வருசம் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். இனி முடியாதுண்ணே. நான் சொன்னா எம்மவன் நம்ப மாட்டான், புருசனுக்குப் பரிஞ்சு பேசுதேன்னுவான். நீ சொல்லு."

அழுதேன். அறுபத்து மூன்று வயதில், கடைத்தெரு பார்க்க அழுதேன். அவள் தேற்றவில்லை. போனில் மகன் நம்பரைப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

பாண்டியராஜிடம் தேதியைச் சொன்னேன். வெயிலில் பார்த்ததைச் சொன்னேன். காசி கேட்டும் நான் காதில் வாங்காததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்டே."

"தெரிஞ்சேவா சும்மா இருந்தாரு?"

"எனக்காவத்தான்."

"அப்பா இருந்த கடைசித் தீவாளிக்கு வந்தப்போ, 'நீ உக்காருத பந்தியில நான் உக்கார மாட்டேன்'னு அவருகிட்டச் சொன்னேன். தட்டை எடுத்துக்கிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டாரு." அவன் குரல் உடைந்தது. "பதினெட்டாந் தேதி நான் வாரேன் மாமா. நீங்க அன்னைக்கு அங்கன வராண்டாம்."

சரி என்றேன்.