பத்தாவது தவறு

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ‘ஏழாம் விண்கலம்’ தொடங்கும்போது நான் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். அந்தத் தொடரில் வரும் அறிவியல் தவறுகளை வரிசை எண் போட்டு எழுதி, திங்கட்கிழமை தபால் கார்டில் நகல் எடுத்து டிவிக்காரர்களுக்கு அனுப்புவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருக்கிறவன், இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அதுவரை இருபத்திரண்டு கார்டு போயிருந்தது, ஒன்றுக்கும் பதில் இல்லை. “சக்கரவர்த்தி சார் கையெழுத்துப் போடலன்னா ராக்கெட்டு கெளம்பாது” என்று என் மனைவி எழில் கேலி செய்வாள்.

1999இல் வந்த அந்த இருபத்து மூன்றாம் பகுதியை மட்டம் என்று சொல்ல மாட்டேன். மட்டமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டாவது போயிருக்கலாம். அது சுமார். விண்கலம் ஜீரோன் என்கிற கிரகத்தில் இறங்கியது. காற்றே இல்லாத கிரகம் என்று தலைவன் இரண்டு முறை சொன்னான். சொன்ன கையோடு தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்தான். கவசம் என்பது வெள்ளி பெயிண்ட் அடித்த ஸ்கூட்டர் ஹெல்மெட். வேற்றுக்கிரகம் என்று காட்ட கேமராவுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடித் தாளைப் பிடித்திருந்தார்கள். பதினைந்து நிமிடத்தில் எட்டுத் தவறு.

“இங்கே உயிரினத்தின் சுவடே இல்லை” என்றான் தலைவன். அவன் தோளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ‘தவறு 9: காற்றில்லாத கிரகத்தில் மாடு’ என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அதே பெரியவர் திரும்பி வந்தார். இந்த முறை மாடு இல்லை. லேசாக நொண்டிக்கொண்டே வந்து நடுவில் நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, நேராக எங்கள் கூடத்துக்குள் பார்த்தார். ‘தவறு 10: மறுபடி அதே ஆள். மாடு எங்கே?’ இதை எழிலிடம் படித்துக் காட்டலாம் என்று திரும்பினேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் கூப்பியிருந்தாள்.

“அது நம்ம மலைங்க” என்றாள்.

“எது?”

“அந்தச் செவப்புல பின்னாடி நிக்குது பாருங்க. எங்க ஊர்லேர்ந்து பாத்தா அப்டித்தான் இருக்கும்.”

இந்த மலையின் அடியிலேயே குடியிருக்கிறேன். கோயில் பக்கமிருந்து தினமும் பார்க்கிற மலை. பக்கத்துக்குப் பக்கம் அது வேறாகத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு என் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆதியில் இந்த மலை நெருப்பாக நின்றது என்று நம் ஊரில் சொல்வார்கள். நான் அதற்குத் தலையாட்டினதே இல்லை. ஒரு சிவப்புத் தாள் அதைக் காட்டிவிட்டது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை தணலாக, மனிதர்கள் வருவதற்கு முன்னால் இருந்ததுபோல அண்ணாமலை நின்றது. ஸ்கூட்டர் ஹெல்மெட்காரன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வசனம் பேசினான்.

“அது எங்க நைனா” என்றாள் எழில். அவளுக்கு அதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. “ஏங்க நொண்டுறாரு?”

அவள் அப்பா ஆதிமூலத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. தாயில்லாப் பெண்ணைத் தனியாக வளர்த்தவர். சாதி வேறு என்பதால், அவனைக் கட்டிக்கொண்டால் என் வாசற்படி மிதிக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அவர் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. மெட்ராஸிலிருந்தெல்லாம் பஸ் பஸ்ஸாக வந்து மலையைச் சுற்றிவிட்டுப் போகிறார்கள். இங்கேயே இருக்கிற எழில் பதினோரு வருஷமாகச் சுற்றியதில்லை. அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்ட அவளால் முடியாது. அவளை விட்டுவிட்டு நானும் போனதில்லை. இத்தனைக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்த வாசலுக்கு ஏழே கிலோமீட்டர்.

தொடர் முடியவில்லை. நான் டிவியை நிறுத்தினேன். “பொடவைய மாத்து. போலாம்” என்றேன்.

“அடிச்சித் தொரத்துனார்னா?”

“தொரத்துனா திரும்பி வந்துடலாம். கால் என்னாச்சுன்னு தெரியாம உன்னால இருக்க முடியுமா?”

மொபெட்டில் கிளம்பினோம். அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். மலை எங்கள் வலது பக்கமாகவே கூட வந்து, மெல்ல மெல்ல உருவம் மாறி, டிவியில் பார்த்த மலையாக ஆனது. இப்போது சிவப்பில்லை, பச்சை. அதே மலை.

அவர் மாட்டுக்குக் கழுநீர் வைத்துக்கொண்டிருந்தார். எழில் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

“நைனா, கால் என்னாச்சு?”

அவர் வாளியைக் கீழே வைத்தார். “பள்ளத்துல வுழுந்துட்டேன். ஆறு மாசம் ஆவுது.”

“ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?”

“எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்லி அனுப்புறது? மிதிக்காதன்னு சொன்னவன் நானாச்சே.” பிறகு, “உள்ள வாம்மா” என்றார். என்னைப் பார்த்து, “நீங்களும் வாங்க” என்றார்.

எழில் வாசற்படியைத் தாண்டினாள். உள்ளே போனதும் உட்கார்ந்து அழுதாள். எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை நான் கேட்டுவைத்தேன்.

“மாமா, உங்கள டிவியில பாத்தோம். மொதல்ல மாட்டோட போனீங்க, சரி. ரெண்டாவது வாட்டி மாடு இல்லாம எதுக்கு வந்தீங்க?”

“மாட்ட ஓட்டிக்கினு போனப்ப தொரத்துனாங்க. ‘யோவ் பெரியவரே தள்ளுய்யா, இது டிவியில வரும்’னாங்க.” துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே அவர் எழிலைப் பார்த்தார். “டிவியில வரும்னாங்களா... மாட்டக் கட்டிட்டு வந்து நின்னேன். இவ பாப்பாளேன்னு. அவங்க படம் புடிச்சி மூணு மாசம் ஆவுது, அன்னிலேர்ந்து வாசலையே பாத்துக்கினு இருக்கேன்.”

இருபத்து மூன்றாவது கார்டில் ஒன்பது தவறுகள்தான் எழுதினேன். பத்தாவதை அடித்துவிட்டேன்.