மாற்றி எடுத்துப்போகும் நோட்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அச்சகத்தில் பதினெட்டு வருடமாகப் பிழை திருத்துகிறேன். அடுத்தவர் தப்பைத் தேடியே சம்பளம் வாங்குகிறவளுக்குச் சாந்த குணம் எங்கிருந்து வரும்? அப்படிப்பட்ட என்னைத்தான், சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளின் பெண்பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம். இடம், சலவைக்கூடத்து மாடியில் ஒரு சாமான் அறை. கீழே ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் இயந்திரங்கள் ஓடுவதால் தரை எப்போதும் சுடும். பிள்ளைகள் கிழிந்த விரிப்பை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

மொத்தம் ஒன்பது பேர், எல்லாருக்கும் பதினாலு, பதினைந்து வயது. முதல் மாதம் ஒருத்தியும் உருப்படியாக எழுதவில்லை. 'மழை பெய்தது. அழகாக இருந்தது. நன்றி.' இவ்வளவுதான். மை தீர்ந்துவிடும் என்று பயமா என்று கத்தினேன். அப்போது வாயாடிதான் உண்மையைச் சொன்னாள். வாயாடி என்பது மற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர். பொருத்தமான பெயர்தான், நான் பாடம் நடத்துவதே அவள் மூச்சு வாங்கும் இடைவெளியில்தான்.

"வீட்ல நோட்டு வைக்க இடம் இல்ல டீச்சர். ஒரே ரூம். தலையணைக்கு அடியில வெச்சா அண்ணன் எடுத்துப் படிக்கிறான். படிச்சாக்கூடப் பரவாயில்ல, தெருவுக்கே வாசிச்சுக் காட்டுறான்."

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். இவர்களுக்கு ஒரு நோட்டு நுழையும் அளவுக்குக்கூட வளை இல்லை. சரி, நோட்டுகளை நானே எடுத்துப்போகிறேன் என்றேன். "அப்போ வாரம் பூரா நாங்க எதைப் படிக்கிறது?" என்று கேட்டார்கள். ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி படிப்பதற்காகத்தான் அவர்கள் வருகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வழியையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். யாரும் தன் நோட்டைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மாற்றி எடுத்துப்போக வேண்டும். அட்டையில் பெயர் கிடையாது. வீட்டில் மாட்டிக்கொண்டால் "இது என்னுது இல்ல" என்று தைரியமாகச் சொல்லலாம், பொய்யும் ஆகாது. யாருடையது என்று மட்டும் உயிரே போனாலும் சொல்லக் கூடாது.

நானும் என் பங்குக்கு ஒரு விதி சேர்த்தேன். இங்கே எழுதுவது எல்லாம் கதை. உண்மையா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு. அதன் பிறகு பக்கங்கள் மளமளவென்று நிரம்பின.

மூன்றாவது மாதம் கண்ணாடி ஒரு பக்கம் எழுதினாள். நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி போட்ட பெண். 'உம்', 'இல்ல' என்ற இரண்டு சொல்லில் வாரத்தை ஓட்டுகிறவள். அவள் எழுதியது இது: 'நான் பேச ஆரம்பித்தால் அம்மா குழாயைத் திறந்துவிடுவாள். பாத்திரம் இல்லாவிட்டாலும் திறப்பாள். நான் நிறுத்தினால் மூடிவிடுவாள். ஒருநாள் தண்ணீர் வரவில்லை. அன்றைக்காவது பேசலாம் என்று ஆசையாகப் போனேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.'

படித்ததும் உடம்பு சிலிர்த்தது. சிவப்பு மையில் கீழே எழுதினேன்: 'அருமையான கற்பனை!'

அந்த நோட்டை வாயாடி எடுத்துப்போனாள்.

அடுத்த சனிக்கிழமை பாடத்தின் நடுவில் படியில் ஆள் ஏறிவரும் சத்தம் கேட்டது. வாயாடியின் அம்மா. கீழே இஸ்திரி மேசையில் வேலை செய்கிறவர். நனைந்த ஏப்ரனோடு அப்படியே வந்திருந்தார். கையில் நோட்டு. ஒரு அம்மா தன் பெண்ணை நிறுத்தினால் போதும், பொழுது சாய்வதற்குள் வரிசை முழுக்கப் பேச்சு பரவிவிடும். அடுத்த வாரம் நானும் சுடுகிற தரையும்தான் மிச்சம்.

"ரெண்டு நாளா எழுத்துக் கூட்டிப் படிச்சேன் டீச்சர்" என்றவர், மகள் பக்கம் திரும்பினார். "இது உன்னுதா?"

எட்டுப் பேரும் வாயாடியைப் பார்த்தார்கள். விதிப்படி, இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் மீதி எட்டில் இது யார் என்று அந்த அம்மா யோசிப்பார். கண்ணாடியின் அம்மா நிற்பது அவருக்குப் பக்கத்து மேசையில். கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

"என்னுதுதாம்மா" என்றாள் வாயாடி. அவள் ஒரே சொல்லில் நிறுத்தியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

தன் மகள் எழுத்து எப்படி இருக்கும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. நம்பிவிட்டார். அவர் முகம் வாடிய வாட்டத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் எப்படி அப்படிச் செஞ்சேன்? நீ பேசலன்னா எனக்கு வீடு வீடாவே இருக்காதே, கண்ணு. தெரியாம செஞ்சுட்டேனா?" பிறகு நோட்டை என்னிடம் நீட்டினார். "கீழ சிவப்புல கற்பனைன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? கற்பனைதானே டீச்சர்? சொல்லுங்க."

கேள்வியிலேயே கெஞ்சல் இருந்தது. ஒரு சொல் சொன்னால் அவர் மனசும் ஆறும், வகுப்பும் தப்பும். சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், என் வாய் சும்மா இருக்குமா?

"கற்பனைதாம்மா. வயசுப் பிள்ளைங்க இல்லாததை எல்லாம் எழுதும். பெத்த பொண்ணு பேசறப்ப காதைப் பொத்திக்கிற அம்மா எங்கயாவது இருப்பாங்களா?"

"இருக்காங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கண்ணாடி எழுந்து நின்றிருந்தாள். "அது என்னுது, அத்தை. அவ எனக்காகச் சொல்றா. கதை இல்ல."

வாயாடி அவள் பாவாடையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவள் உட்காரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பெண் உள்ளதை உள்ளபடி எழுதித் தந்தாள். நான் அதைக் கற்பனை என்று இரண்டு முறை சொன்னேன், ஒரு முறை மையில், ஒரு முறை வாயால்.

அந்த அம்மா அவளையே பார்த்தார். "உங்கம்மா பாவம்டீ... காலையிலேர்ந்து மெஷின் சத்தத்துல நின்னு..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். ஒரு விரிப்பை இழுத்துப் போட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார்.

"உங்கம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இந்தா, பிடி. எழுத்துக் கூட்டிப் படிச்சதுல எனக்குப் பாதி புரியல. நீயே படி."

கண்ணாடி படித்தாள். கீழேயிருந்து மேற்பார்வையாளர் இரண்டு தடவை கூப்பிட்டார். "வரேன், இருங்க! ஓடியா போயிடப் போறேன்?" என்று இங்கிருந்தே ஒரு அதட்டல் போட்டார் அந்த அம்மா. வாயாடிக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் விளங்கியது. ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கம் முடிந்தது.

"அப்புறம்?" என்றார் அந்த அம்மா.

"அவ்வளவுதான் அத்தை. இன்னும் எழுதல."

"எழுதலன்னா என்ன? வாயால சொல்லேன்."

கண்ணாடி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள், முதலில் தரையைப் பார்த்து, பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்து.