கிளி கொத்தாத பட்டங்கள்

லண்டன் மோர்டன் தமிழர் நற்பணிச் சங்கத்தில் திறந்துவைக்கப்படாத பொருள் கிடையாது. மண்டபத்துக் காற்றாடியைத் திறந்துவைத்தவர் தலைவர் குலசேகரம். தேநீர்த் தண்ணீர் கொதிக்கவைக்கும் இயந்திரத்தை, வாசல் சரிவுப்பாதையை, ஒருமுறை உடைந்து திருத்தப்பட்ட கழிப்பறைக் கதவை, எல்லாவற்றையும் நாடா வெட்டித் திறந்தவர் அவரே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். தகட்டின் நடுவில் வட்டமாக அவருடைய முகம், சுற்றிவர அவருடைய பெயர், பெயருக்கு முன்னால் சங்கமே அவருக்கு வழங்கிய பட்டங்கள். அவசரமாகக் கழிப்பறைக்குப் போகிறவரும் 'சமூகச் செம்மல்' என்பதைக் கடந்துதான் போகவேண்டும்.

ஆகவே 2006இல், மண்டபத்துக்குப் பின்னால் முட்புதர் மண்டிக் கிடந்த காணித்துண்டைப் பறவைத் தோட்டமாக்கும்படி உள்ளூராட்சிக் கவுன்சில் சங்கத்திடம் கொடுத்து, சிறு பறவைகள் கூடு கட்ட ஆறு மரப்பெட்டிகளையும் தந்தபோது, தலைவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"இதென்ன தங்கச்சி, தீப்பெட்டி மாதிரிக் கிடக்கு? ஆரும் பாத்தா எங்களை என்ன நினைப்பினம்?" என்று எமில்டாவிடம் கேட்டார்.

எமில்டா சங்கத்தின் சுற்றாடல் உபகுழுச் செயலாளர். அவர் பொருளாளர் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று கதை அடிபட்ட வாரத்தில் அவசரமாக உருவாக்கப்பட்ட உபகுழு அது. அதில் உறுப்பினர் என்று வேறு எவரும் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, கோழிப் பொரியல் கடைக்கு மேலே வீடு. ஜன்னலைத் திறந்தால் எண்ணெய்ப் புகைதான். காலூன்ற ஒரு பிடி மண் இல்லாதிருந்தவருக்கு அந்தக் காணித்துண்டு கிடைத்ததும் பதவியை உண்மையென்றே எடுத்துக்கொண்டார். சங்க வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

"சின்னக் குருவிக்குச் சின்னப் பெட்டிதானே அண்ணை."

"குருவி சின்னனா இருக்கலாம். சங்கம் சின்னனில்லை."

தீப்பெட்டிகள் களஞ்சிய அறைக்குப் போயின. கடைகளுக்கு மரவேலை செய்யும் யோகராஜா அழைக்கப்பட்டு, ஆறு புதிய பெட்டிகள் செய்தார். ஒவ்வொன்றும் ஒரு சூட்கேஸ் அளவு. உச்சியில் மூன்றடுக்குக் கோபுரம், கோபுரத்தில் கலசம். வாசல் ஓட்டைக்குள் தேங்காய் போய்வரும். குத்துவிளக்கேற்றி நாடா வெட்டிய அன்று, கவுன்சிலிலிருந்து வந்த ஹார்ட்லி என்ற வெள்ளைக்காரப் பெண் அலுவலர் கத்தரிக்கோல் தட்டை ஏந்தியபடி கோபுரங்களை அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இவ்வளவு பெரிய வாசலா?" என்று மட்டும் கேட்டார்.

வாசல் பெரிதென்பதை முதலில் புரிந்துகொண்டவை கிளிகள்.

தென்மேற்கு லண்டன் வானத்தில் பச்சைக் கிளிகள் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு திரிவது ஊருக்கே தெரிந்த விஷயம். யாரோ கூண்டைத் திறந்துவிட, குளிருக்குப் பழகி, பெருகி, பொந்து கண்ட இடமெல்லாம் குடியேறிய கூட்டம். ஒரே மாசி மாதத்தில் ஐந்து கோபுரங்களில் குடியேறின. ஆறாவதுக்குள் நீலத் தொப்பி போட்ட சிட்டு ஜோடி ஒன்று பாசி சுமந்துகொண்டு போனது. கட்டைவிரல் அளவு குருவிகள் சூட்கேஸ் அளவு மண்டபத்துக்குப் பாசிக் கம்பளம் விரித்தன. எமில்டா வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் வேலியோரம் நின்று பார்த்தார். சித்திரை முடிவில் ஒரு காலை, பாசி முழுவதும் மரத்தடியில் கிடந்தது. அதோடு புள்ளி விழுந்த சின்ன முட்டைகள், உடைந்து. மேலே வாசலில் ஒரு கிளி தலையை நீட்டி, சிவந்த மூக்கைச் சட்டத்தில் தீட்டிக்கொண்டிருந்தது.

எமில்டா அன்றைக்குக் கடையில் இரண்டு பேருக்கு மூக்குக்கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

தலைவரோ பரவசத்தில் இருந்தார். "மீனாட்சி அம்மன்ர கிளி. வேற எந்தச் சங்கத்துக்குப் போனது? எங்களைத் தேடி வந்திருக்கு" என்று மாதுளம்பழம் வெட்டி வைத்தார். தினமும் வைத்தார்.

ஆனியில் ஹார்ட்லி வந்து, கோபுரம் கோபுரமாகப் பார்த்து, மென்மையாகவே சொன்னார். இந்தக் காணி உள்ளூர்க் குருவிகளுக்காகத் தரப்பட்டது. கிளிகளுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. வருகிற ஆனியில் ஒரு பெட்டியிலாவது உள்ளூர்க் குருவி குஞ்சு பொரித்திருக்காவிட்டால் காணியைக் கவுன்சில் திருப்பி எடுத்துக் குப்பைத்தொட்டிகளுக்கும் கார் நிறுத்தவும் பாவிக்கும். கூட்டில் இருக்கும் பறவையைத் தொடச் சட்டம் இடம் தராது. செய்வதென்றால் அவை கூடு பிடிக்கும் முன்னரே செய்யவேண்டும். வழி சுலபம்தான். வாசலைச் சுற்றி உலோகத் தகடு அடித்து, இரண்டு பென்ஸ் காசு அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டால் சிட்டு நுழையும், கிளி நுழையாது. பலகையைக் கொறித்துப் பெருப்பிக்கும் கிளிக்கு உலோகத்தில் பல்லும் நகமும் எடுபடாது என்றார். கிளிக்குப் பல் இல்லை என்று தலைவர் ஆங்கிலத்தில் திருத்தினார்.

கார் நிறுத்துமிடம் என்ற சொல் தலைவர் காதில் விழுந்தபோது அவர் முகம் அவ்வளவாக வாடவில்லை என்பதை எமில்டா கவனித்தார். தலைவரிடம் புது மெர்சிடிஸ் இருந்தது. அதை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, பொன்னாடையோடு மழையில் நடந்துவர வேண்டியிருந்தது.

மார்கழி விடுமுறை முடிந்து கூடிய முதல் நிர்வாகக் கூட்டத்தில் எமில்டா எழுந்தார். கிளிக் குடும்பங்கள் முந்திய கோடையிலேயே குஞ்சுகளோடு பறந்துபோயிருந்தன. பெட்டிகள் வெறுமையாக இருந்தன. அடுத்த மாதம் கிளிகள் திரும்பி வரும்.

"இந்த மாசமே தகடு அடிக்கவேணும் அண்ணை. பிந்தினா ஏலாது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சொற்பொழிவு வருகிறது என்று பொருள்; சிலர் தேநீர் எடுக்கப் போனார்கள்.

"நாங்களே நாடு விட்டு வந்த சனம். வந்தவனைத் துரத்திறதை நாங்கள் செய்யலாமோ? அதுவும் அம்மன்ர கிளியை? தங்கச்சி மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பிள்ளை, அதின்ர அருமை விளங்காது."

"நாங்கள் வந்தனாங்கள்தான் அண்ணை. ஆனா வந்த வீட்டுக்காரன்ர பிள்ளையைத் தொட்டிலோட தூக்கி எறியேல்லை. கிளிக்கு இந்தப் பக்கம் எவ்வளவு மரப்பொந்து கிடக்கு. குருவியளுக்கு இந்தப் பெட்டிதான்."

உபதலைவர் மங்கலம் மலேசியாவில் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, கணக்காய்வாளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். அவர் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தபடி சொன்னார்: "மீனாட்சி கையில இருக்கிறது ஒரே ஒரு கிளி சார். நம்ம பின்னாடி போன வருஷம் நாப்பது இருந்துச்சு. மீதி யாரோடது?"

சிரிப்பு எழுந்தது. தலைவர் சிரிக்கவில்லை. வாக்கெடுப்பு என்றார். தலைவர் கையைத் தூக்கினால் மற்றக் கைகளும் தூக்குவது சங்கத்தின் நீண்டகால வழக்கம். தூக்கின. தகடு தோற்றது.

எமில்டா உட்கார்ந்தார். மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எதிரே, தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சுவரில் தலைவரின் பித்தளை முகம் மின்னியது. எமில்டா அதைப் பார்த்தார். பிறகு ஆறு மாதமாகக் கண்ணில் படாத ஒன்றைப் பார்த்தவர் போல நிமிர்ந்தார்.

"அண்ணை, ஒரு விஷயம். அந்த ஆறு கோபுரத்தையும் திறந்துவச்சது ஆர் எண்டு எங்கையும் எழுதேல்லையே?"

தலைவர் மெல்லக் கண்ணாடியை மாட்டினார்.

"எழுதேல்லையோ?"

"ஓம். நேற்றும் ஒரு பொம்பிளை வேலியால எட்டிப் பாத்து, இதை ஆர் கட்டினது எண்டு கேட்டவ. எனக்குச் சொல்ல வெக்கமாப் போச்சு."

"பித்தளையில போடவேணும்" என்றார் தலைவர். "ஆறிலயும்."

"வாசல்லதான் போடவேணும் அண்ணை. வாசலைச் சுத்தி. குருவி வந்தாலும் போனாலும் உங்கட பேருக்குள்ளாலதான் வந்துபோகும்."

அந்தக் காட்சி தலைவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மறுபடி கையைத் தூக்கினார். மறுபடி எல்லோரும் தூக்கினார்கள்.

தகடு எழுதுகிற கடை தோர்ண்டன் ஹீத்தில் இருந்தது. எமில்டா, மங்கலம், யோகராஜா மூவரும் தலைவரோடு அவருடைய மெர்சிடிஸில் போனார்கள். யோகராஜா மடியில் ஒரு கோபுரத்தை வைத்திருந்தார்.

"சின்னத் தகடு போதும்தானே, காணாதோ?" என்றார் கடைக்காரர்.

யோகராஜா தலையைச் சொறிந்தார். "காணாது. ஓரத்தில பலகை தெரிஞ்சா கிளி கொறிச்சுத் தகட்டை விழுத்திப்போடும். முன்பக்கம் முழுக்க மூடினாத்தான் சரி. ஆனா அவ்வளவு பெரிசுக்கு என்னத்தை எழுதிறது?"

இப்படிப்பட்ட இடத்தில்தான் ஒரு மனிதரின் பட்டங்கள் சமூகத்துக்குப் பயன்படுகின்றன.

"அண்ணை, 'சமூகச் செம்மல்' மட்டும் போதுமே?" என்றார் எமில்டா கவலையோடு. "'தமிழ்த் தொண்டர் திலகம்' விட்டிட்டியளே."

"அது மூண்டு வருசத்துக்கு முந்தித் தந்தது" என்றார் தலைவர் அடக்கமாக. "போட்டாப் போடுங்கோ."

"'அன்னதானச் சுடர்' இருக்கே சார்" என்றார் மங்கலம். "நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

யோகராஜா அளவுகோலை வைத்துப் பார்த்தார். "கீழ இன்னும் ரெண்டங்குலம் கிடக்கு."

"முன்னாள் உதவிக் காரியாதிகாரி" என்று ஊரில் பார்த்த அரசாங்க உத்தியோகத்தைத் தலைவரே கண்டுபிடித்தார். "கரைச்சிப் பிரிவு."

"இப்ப சரி" என்றார் யோகராஜா. "கிளி என்ன, ஆணியும் இறங்காது."

மாதிரித் தாளின் நடுவிலிருந்த வட்டத்தைத் தொட்டு, "இதில என்ர படம் வரும்தானே?" என்றார் தலைவர்.

படம் வந்தால் ஓட்டைக்கு இடமில்லை. யோகராஜாதான் காப்பாற்றினார். "அதில படம் போட்டா எச்சம் முகத்தில விழும் ஐயா. வெறுமையா விடுவம். பெரிய ஆக்களுக்கு வெற்றிடம்தான் மதிப்பு."

வெற்றிடத்தின் அளவு இரண்டு பென்ஸ் காசு.

மாசியில் கிளிகள் வந்தன, போன வருடத்து வீடுகளுக்கு உரிமையோடு வருகிறவர்களைப் போல. முதல் கிளி வாசலில் இறங்கியது. 'செம்மல்' மேல் வைத்த கால் வழுக்கி 'திலகம்' வரை வந்தது. சிறகடித்து ஏறி மறுபடி வழுக்கியது. ஓட்டைக்குள் மூக்கை விட்டுத் திருகிப் பார்த்தது. விளிம்பைக் கடித்தது. பித்தளை டொக் டொக் என்றது. இன்னொன்று வந்து 'சுடரை'க் கொத்தியது. பிறகு கூட்டமே வந்து, சுற்றியிருந்து, மோர்டன் முழுவதும் கேட்கக் கத்தியது. எமில்டா மழைக்கோட்டோடு வேலியோரம் நின்றார். கைகள் பைக்குள் இறுகியிருந்தன. கிளிகள் மாறி மாறி வழுக்கி விழுந்தன. கடைசியில் ஒன்று எழும்பிப் பறக்க, மற்றவை பின்னால் போயின.

எங்கே போயின என்பது மறுநாள் தெரிந்தது. போன வருடம் தினமும் மாதுளம்பழம் தந்த கை எங்கே குடியிருக்கிறது என்பது கிளிகளுக்குத் தெரியாதா? தலைவர் வீட்டுப் பின்வளவில் நின்ற கிழட்டு மரத்தில் பொந்துகள் ஏராளம். மரம் சரியாக அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கு நேரே.

"அம்மன் என்ர வீட்டுக்கே வந்திட்டா" என்று அடுத்த கூட்டத்தில் அறிவித்தார். கண்கள் சிவந்திருந்தன. "விடிய முன்னமே வந்திடுறா" என்று கொஞ்சம் பொறுத்துச் சேர்த்தார்.

பங்குனியில் நீலத்தொப்பிச் சிட்டு ஒன்று மூன்றாவது கோபுரத்துக்கு முன்னால் தொங்கியது. ஓட்டைக்குள் தலையை விட்டு எடுத்தது. மறுபடி விட்டது, உடம்பு முழுவதும் சுலபமாக, தண்ணீர் போல உள்ளே போயிற்று. பிறகு வாயில் பாசியோடு வந்தது. அதன் துணையும் வந்தது. மண்டபம் இந்த வருடமும் பெரிதுதான், விடாமல் சுமந்தன. வைகாசியில் உள்ளேயிருந்து ஊசிக் குரல்கள் கேட்டன. தாயும் தகப்பனும் பச்சைப் புழுவோடு 'அன்னதானச் சுடர்' மேல் ஒரு நொடி இருந்து உள்ளே நுழைவதை எமில்டா வேலைக்குப் போகும் வழியில் பார்த்தார், வரும் வழியிலும் பார்த்தார். கடையில் யாருக்கும் கண்ணாடி மாறவில்லை.

ஹார்ட்லி வரும் நாளைத் தலைவர் விழாவாக்கிவிட்டார். கதிரைகள் போடப்பட்டன. ஒலிபெருக்கி வேண்டாம் என்று எமில்டா கெஞ்சி நிறுத்தினார். சனிக்கிழமை காலை, வெயில். அலுவலர் மூன்றாவது கோபுரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்தார். தகட்டின் நடுவில், வழக்கமாகத் தலைவரின் முகம் இருக்கும் வட்டத்தில், மஞ்சள் கன்னமும் நீலத் தொப்பியுமாக ஒரு குஞ்சு தலையை நீட்டி உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு இன்னொரு தலை. ஹார்ட்லி படம் எடுத்தார். தோட்டம் சங்கத்திடமே இருக்கட்டும், இனி அதைப் பற்றிப் பேச்சில்லை என்றார். பிறகு தகட்டைச் சுட்டிக் கேட்டார்: "அவ்வளவு எழுத்தும் என்ன சொல்கிறது?"

"கிளிகளுக்கு ஓர் எச்சரிக்கை" என்றார் எமில்டா ஆங்கிலத்தில்.

"அது வேலை செய்ததா?"

"ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை."

மங்கலம் இருமினார். யோகராஜா மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தலைவர் தூரத்தில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பெருமதிப்புக்குரிய அவையோரே" என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்து முதல் குஞ்சு வாசலிலிருந்து பாய்ந்தது. கல்லைப் போல விழுந்து, புல்லுக்கு ஒரு சாண் மேலே சிறகு பிடித்து, தள்ளாடி, எதிர்ச்செடியில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பாய்ந்தது. மூன்றாவது. தலைவர் தமிழர் பண்பாட்டில் விருந்தோம்பல் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது குஞ்சுகள் ஒவ்வொன்றாக அவர் தலைக்கு மேலால் போயின. கடைசிக் குஞ்சு வாசலில் நின்று தயங்கியது. உள்ளே போயிற்று. திரும்ப வந்தது. எமில்டா இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அது 'உதவிக் காரியாதிகாரி'யின் மேல் வெள்ளையாக ஒரு சொட்டு விட்டுவிட்டு, பறந்தது.

கதிரைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எமில்டாதான் முதலில் தொடங்கினார், கண்ணைத் துடைக்காமலே. சங்க மண்டபம் அப்படி ஒரு கைதட்டலை இதற்கு முன் கேட்டதில்லை. எவரும் தலைவரின் கையைப் பார்த்துத் தட்டவில்லை.

தலைவர் பேச்சை நிறுத்தினார். கைகூப்பி, தலைகுனிந்து, அந்தக் கைதட்டலை முழுவதுமாக ஏற்றுக்கொண்டார்.