பத்திலிருந்து பதினொன்றுக்கு ஒரு மஷூரா

எங்கள் வீட்டில் முக்கியமான விஷயம் எதையும் ஒருவர் தனியாகத் தீர்மானிப்பதில்லை. கூடி உட்கார்ந்து மஷூரா செய்வோம். பள்ளிவாசலில் நடப்பது போலவேதான். ஒருவர் அமீர். அவருடைய வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அடுத்தவர் சொன்னதை மறுத்துப் பேசக் கூடாது. கடைசியில் அமீர் முடிவு சொல்வார். அதற்குப் பிறகு எல்லோரும் அது தங்கள் சொந்த முடிவே என்பது போல நடந்துகொள்ள வேண்டும்.

நான் கெம்பஸில் புவியியல் படிப்பது இப்படி முடிவானதுதான். பிரிட்ஜின் நிறமும் இப்படித்தான். பச்சை என்று முடிவாயிற்று. பச்சை நிற பிரிட்ஜ் கண்டி டவுனில் எந்தக் கடையிலும் இல்லை. முடிவு முடிவுதான் என்று வாப்பா வெள்ளை பிரிட்ஜை வாங்கி அதற்குப் பச்சைத் துணியில் உறை தைப்பித்தார். அது இப்போதும் எங்கள் கெலிஓயா வீட்டில் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது.

ஆகவே, ருஷ்தா ராத்தாவின் கம்ப்யூட்டருக்குப் புதிய விண்டோஸ் போடுவதா இல்லையா என்ற கேள்வி வந்தபோது அது மஷூராவுக்குப் போனதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

ராத்தா என் மூத்த சகோதரி. துணியில் பூ வேலை செய்யும் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் ஒன்று அவளிடம் இருக்கிறது. கடுகண்ணாவையில் இருக்கும் ரவிகுமார் அண்ணனிடம் வாங்கிய, ஏற்கனவே பாவித்த மெஷின். அபாயாவின் கை ஓரம், மணப்பெண்ணின் முக்காடு, பாடசாலைச் சின்னம் எல்லாம் அதில்தான். ராத்தா கம்ப்யூட்டரில் ஒரு பூவை வரைவாள். பழைய புரோகிராம் ஒன்று அந்தப் பூவை ஒரு வயர் வழியாக மெஷினுக்குச் சொல்லும். மெஷின் அதைத் தைக்கும். அந்தப் புரோகிராம் திறக்காவிட்டால் மெஷின் வெறும் பாரமான தளபாடம். புரோகிராமைப் போட்டுத் தந்தவர் டோஹாவுக்குப் போய்விட்டார். அங்கே லொறி ஓட்டுகிறாராம்.

ஒக்டோபரில் ஒரே வாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. விண்டோஸ் பத்துக்கு இனிமேல் பாதுகாப்பு இல்லை, பதினொன்றுக்கு மாறுங்கள் என்று கம்ப்யூட்டர் திரை முழுக்க ஓர் அறிவித்தல் போட்டது. அதே வாரம் கண்டியில் மணப்பெண் பிளவுஸ் கடை வைத்திருக்கும் நிஷாந்தினி ராத்தாவுக்கு கோல் எடுத்தாள்.

"அக்கா, ஒங்க வேலைய ஒரு கல்யாணத்துல பார்த்தேன். இனிமே எங்க கடை பிளவுஸ் எல்லாத்தையும் ஒங்களுக்கே குடுக்கலாம்னு இருக்கோம். டிசைன் நாங்க அனுப்புவோம். ஆனா அது புது புரோகிராம்ல இருக்கு, பதினொன்னுலதான் தொறக்கும். திங்கக்கெழம ஒரு முடிவு சொல்லிருங்க."

புதியதைப் போடாவிட்டால் கண்டி வேலை இல்லை. போட்டு, பழைய புரோகிராம் படுத்துவிட்டால் கெலிஓயா வேலையும் இல்லை. அந்த வாரம் முழுக்க ராத்தா சீனி போட்ட தேத்தண்ணிக்கு மறுபடியும் சீனி போட்டாள். குடித்தவர்கள் நாங்கள்.

கெம்பஸில் படிப்பவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாமல் இருக்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. நான் மூன்று வருடமாக மண்ணரிப்பைப் பற்றித்தான் படிக்கிறேன். இருந்தாலும் எல்லோரும் என்னைத் தனித்தனியாகப் பிடித்தார்கள்.

முதலில் உம்மா. குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"மகன், எப்படியாவது புதுசப் போட்டுக் குடுத்திடுங்க. புள்ளட கைவேல இந்தக் கெலிஓயாவுக்குள்ளயே கெடக்குது. கண்டியில நாலு பேரு பாக்கட்டுமே."

"பிழையாப் போனா பத்து நாளைக்குள்ள திரும்பப் பழசுக்கே போகலாம் உம்மா."

"போனவங்க அப்படி லேசா திரும்பி வருவாங்களா?" என்றார் உம்மா. டோஹாக்காரரை நினைத்திருக்க வேண்டும்.

பிறகு வாப்பா. அவருக்குக் கெலிஓயா டவுனில் பிளாஸ்டிக் சாமான் கடை. வாளிகளுக்கு நடுவில் நின்று இரகசியம் பேசினார்.

"ஓடுற சாமானக் கழட்டப்படாது. மூடிய மாத்தப் போய் வாளிய ஒடச்சவங்க எத்தன பேர நான் பாத்தீக்கிறன். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாளாவது எனக்கு இது வேணும், அது வேணும் எண்டு கேட்டீக்குதா?"

"இப்பக் கேக்குது தானே வாப்பா."

"அது கேக்கல்ல. அத வேற யாரோ கேக்க வெக்கிறாங்க."

மூன்றாவது அரூஸ் சாச்சா. வாப்பாவின் தம்பி. கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் உறையும் சார்ஜரும் விற்கிறார். புதிது என்று எது வந்தாலும் முதலில் அவர் கையில்தான் இருக்கும், இருக்க வேண்டும் என்பது ஊரின் எதிர்பார்ப்பு. சாச்சா என்னைத் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு, டிரைவருக்குக் கேட்காதபடி காதுக்குள் சொன்னார்.

"வெளிய சொல்லிடாதீங்க. போன மாசம் என்ட போனுக்குப் புதுசு போட்டன். இன்னும் அலாரத்தக் காணல்ல. அது அடிக்குது, எங்க ஈந்து அடிக்குது எண்டுதான் தெரிய இல்ல. வேணாம். புள்ளட தொழில் அது."

கடைசியாக ராத்தா. மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"வாப்பா எப்படியும் வேணாண்டுதானே சொல்லுவாரு?"

"ஓ. சொல்லுவாரு."

"அப்ப சரி," என்றாள். பரீட்சை ஒத்திவைக்கப்பட்ட பிள்ளையின் முகம் அது. எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட முகம்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் முன் அறையில் உட்கார்ந்தோம். மெஷினும் கம்ப்யூட்டரும் அதே அறையில்தான் இருந்ததால், நோயாளியின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து நோயைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. வாப்பா தன் சிவப்புக் கைக்கதிரையில் இருந்தார். ஒரு ஃபாத்திஹா ஓதினார். பிறகு வழக்கம் போலக் கேட்டார்.

"அமீர் யாரு?"

இது கேள்வியே அல்ல. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதற்கு ஒரே பதில்தான். 'நீங்கதான்' என்று சொல்ல நானும் சாச்சாவும் வாயைத் திறந்தோம்.

"இந்த முற ருஷ்தா," என்றார் உம்மா, குசினி வாசலில் நின்றபடி.

சாச்சாவின் வாய் மூடாமல் அப்படியே நின்றது.

"உம்மா!" என்றாள் ராத்தா. அது மறுப்பு என்று சொல்ல முடியாது. உதவி கேட்பது போலத்தான் இருந்தது.

வாப்பா கொஞ்ச நேரம் தன் முழங்கால்களைப் பார்த்தார். பிறகு எழுந்தார். தோளில் கிடந்த துவாயால் கதிரையைத் தட்டிவிட்டார்.

"சரிதானே. அவட மெஷின். அவட கம்ப்யூட்டர். வாங்க மகள், இஞ்ச இரிங்க."

ராத்தா போய் உட்கார்ந்தாள். அந்தக் கதிரையில் வாப்பாவைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, பூனை நீங்கலாக. வாப்பா அவளுடைய இடப்பக்கத்தில், எனக்கு அப்பால் ஒரு ஸ்டூலில் ஒதுங்கினார்.

வலப்பக்கம் முதலில் சாச்சா. தொண்டையைச் செருமினார்.

"என்ட அபிப்பிராயம், போடணும். காலத்துக்கு ஏத்த மாதிரி போகணும். நான் எல்லாம் ஒரு நாளும் புதுசுக்குப் பயந்ததே இல்ல."

நான் அவருடைய போனைப் பார்த்தேன். அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

அடுத்து உம்மா.

"என்னத்துக்கு அவசரம்? புள்ள பயப்படுது போல. ஈக்கிறதே போதும். வேணாம்."

அடுத்து வாப்பா. தலையைக் குனிந்துகொண்டு, கிராஅத் போட்டியில் ஓதும் பிள்ளையைப் போல ஒரே மூச்சில் சொன்னார்.

"போடணும். நல்ல சந்தர்ப்பம். கண்டிக் கட. விடப்படாது."

ராத்தாவின் முகத்தில் இருந்த நிறம் அப்படியே இறங்கிப் போனது. அவள் காத்திருந்த ஒரே 'வேணாம்', அவளுக்குத் தேவைப்படாத இடத்திலிருந்து வந்துவிட்டது. தேவைப்பட்ட இடத்திலிருந்து வந்ததோ 'போடணும்'.

கடைசியாக என் முறை. யார் சொன்னதையும் மறுக்க எனக்கு அனுமதி இல்லை. மறுக்கவும் இல்லை.

"நான் ஒருத்தருக்கும் மாறாப் பேசல்ல," என்றேன். "ஆனா இந்த வாரம் எனக்கிட்ட மூணு அபிப்பிராயம் வந்து சேந்தீக்குது. ஒண்டும் என்டது இல்ல. சொந்தக்காரங்க பேரச் சொல்லவும் மாட்டன். ஒருத்தர் தேங்கா திருவிக்கிட்டே போடச் சொன்னார். ஒருத்தர் வாளிக்கு நடுவுல நிண்டு போட வேணாண்டு சொன்னார். இன்னொருத்தருக்கு அலாரம் எங்க ஈந்து அடிக்குது எண்டு தெரியாதாம்."

அறையில் இருந்த பெரியவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். எங்கள் கூரையில் பார்க்க எதுவும் இல்லை.

"மஷூராவுல கோள் சொல்லப்படாது," என்றார் வாப்பா, கூரையிடம்.

"பேரே சொல்லல்லயே வாப்பா."

ராத்தா சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அது முதல் சிரிப்பு. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு வாப்பாவின் பக்கம் திரும்பினாள். அமீருக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு.

"வாப்பா, உங்களுக்கு விருப்பமில்ல தானே. ஏன் போடச் சொன்னீங்க?"

வாப்பா துவாயை மடித்தார். பிரித்தார்.

"உங்களுக்கு ஆச எண்டு நெனச்சன் மகள். நான் வேணாண்டா நீங்க பேசாம விட்டுடுவீங்க. அதான்."

"நான் அதுக்குத்தான் காத்துக்கிட்டு ஈந்தன்," என்றாள் ராத்தா. "நீங்க வேணாண்டு சொல்லுவீங்க, நான் நிஷாந்தினிக்கிட்ட வாப்பா விடல்ல எண்டு சொல்லிடுவன் எண்டு."

சாச்சாவின் போன் எங்கிருந்தோ ஒரு முறை அடித்து ஓய்ந்தது.

"எனக்குப் பயம் மகள்," என்றார் வாப்பா. கடைக்காரர்கள் பொதுவாக இந்த வசனத்தைச் சொல்வதில்லை.

"எனக்கும்தான் வாப்பா. கம்ப்யூட்டருக்கு இல்ல. கண்டிக் கட பெரிய கட. என்ட வேல அங்க காணாமப் போனா?"

"காணாமப் போகாது," என்றார் உம்மா. இது மறுப்புப் பேச்சு, விதிப்படி செல்லாது. யாரும் சுட்டிக்காட்டவில்லை.

ராத்தா கைக்கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"போடுவோம்," என்றாள்.

முடிவு வந்த மறுநிமிடமே எல்லோரும் பிறந்த நாளிலிருந்து பதினொன்றுக்கு ஆதரவாக இருந்தவர்கள் போலானார்கள். வாப்பா கடைக்கு ஓடிப் போய்ப் பென் டிரைவ்களோடு வந்தார். ராத்தாவின் பூக்கள் எல்லாவற்றையும் நான் அவற்றில் பிரதி எடுத்தேன். ஒன்றை அலுமாரியில் வீட்டு உறுதிப் பத்திரத்துக்குப் பக்கத்திலும், ஒன்றை அரிசி வாளிக்குள்ளும் வாப்பா வைத்தார். இரண்டும் ஒரே நேரத்தில் திருடு போகாதாம். சாச்சா ஆலோசனை சொல்லத் தொடங்கியபோது, வேலை முடியும் வரை அவர் பேசக் கூடாது என்று அமீர் கட்டளையிட்டாள். அதிகாரம் ஒரு மனுஷியை எவ்வளவு சீக்கிரம் பழக்கிவிடுகிறது.

பொத்தானை ராத்தாவே அழுத்தினாள். பிஸ்மில்லாஹ்வை எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

திரையில் நூற்றுவீதம் ஏறத் தொடங்கியது. வாப்பா ஸ்டூலை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டு, ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்க வந்தவரைப் போல உட்கார்ந்தார். கரண்ட் போய்விடக் கூடாதென்று உம்மா பச்சை உறையோடு நின்ற பிரிட்ஜை நிறுத்தினார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லவில்லை. மஷூரா முடிந்த பிறகு அபிப்பிராயம் சொல்வது ஒழுக்கமல்ல.

மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எழும்பியது. திரையின் கீழ் மூலையில் இருந்த படங்கள் எல்லாம் நடுவில் வந்து நின்றன. "இது யாருட கம்ப்யூட்டர்?" என்று வாப்பா மெதுவாகக் கேட்டார்.

ராத்தா பழைய புரோகிராமைத் திறந்தாள். திறந்தது. அவளுடைய மல்லிகைக் கொடி, முக்காட்டு ஓரம், எல்லாம் இருந்தன. தைக்கும் பொத்தானை அழுத்தினாள். மெஷினைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது.

"கண்ணு தெரியாதா அதுக்கு?" என்றார் உம்மா. "இந்தா பக்கத்துல நிக்குது."

மறுபடி அழுத்தினாள். வயரைக் கழற்றிப் பூட்டினேன். அதே எழுத்து. வாப்பா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லாமலே மூடினார். அதற்காக அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கலாம்.

ராத்தா நிஷாந்தினி சொன்ன புதிய புரோகிராமை இறக்கி, அவள் மாதிரிக்கு அனுப்பியிருந்த டிசைனைத் திறந்தாள். திரை நிறைய ஒரு மாங்காய்ப் பூ விரிந்தது, மரூன் நிறத்தில், ஓரமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளோடு. ராத்தா அதைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். விரலால் திரையில் ஓர் இடத்தைத் தொட்டாள்.

"இந்த எடத்துல நூல் சுருங்கும். கொஞ்சம் எறக்கித் தைக்கணும்," என்றாள், தனக்கே.

போனை எடுத்தாள்.

"நிஷாந்தினி, ருஷ்தா பேசுறன். டிசைன் தொறக்குது. மெஷின் இன்னும் வேல செய்யல்ல. அத நான் பாத்துக்கிறன். வேலைய எனக்கே தாங்க."

"அக்கா! சந்தோஷம்க்கா. வீட்ல எல்லாருக்கும் சரிதானே? அப்பா என்ன சொன்னாங்க?"

ராத்தா வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா அவசரமாகத் தன் துவாயில் எதையோ தேடினார்.

"வாப்பாவுக்குக் கொஞ்சம் பயம். எனக்கும்தான். நான் செய்றன்."

போனை வைத்துவிட்டு அவள் கடுகண்ணாவைக்கு கோல் எடுத்தாள். மெஷினை விற்ற ரவிகுமார் அண்ணன் பொறுமையாகக் கேட்டார். மெஷினுக்குப் புதிதாக ஒரு சின்ன புரோகிராம் போட வேண்டியிருக்கும் போல, நேரில் பார்த்தால்தான் சொல்லலாம், நாளைக்குப் பஸ்ஸில் வருகிறேன் என்றார்.

"பஸ்ஸுல என்னத்துக்கு?" என்றார் வாப்பா, எழும்பி. "நான் போய்க் கூட்டிட்டு வாறன்."

"இப்பவா? நாளைக்கு வாறண்டு சொல்றாரே," என்றார் உம்மா.

"நாளைக்கு வேற யாரும் அவர எடுத்துட்டுப் போனா?"

தொழுதுவிட்டு, சாரத்தோடேயே சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாப்பா வீதிக்கு இறங்கி த்ரீவீலுக்குக் கை காட்டினார். ராத்தா அதைக் கவனிக்கவில்லை. இன்னும் வேலை செய்யாத மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, பெட்டியில் இருந்த மரூன் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரையோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.