ஒச்சையை எடுத்த வண்டி

குமாரதாஸ் பஹ்ரைனில் இருந்த இருபத்தாறு வருஷமும் இரைச்சலுக்குள்தான் இருந்தார். ஏசி மெக்கானிக் வேலை. பெரிய கட்டடங்களின் மொட்டைமாடியில் வரிசையாக நிற்கும் எந்திரங்களுக்கு நடுவே வெயிலில் நின்று, வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியவர். லீவில் ஊருக்கு வந்து திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வீட்டில் படுத்தாலும், முதல் பத்து நாள் காதுக்குள் அந்த எந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்பியபோது அவர் ஆசைப்பட்டது ஒரே ஒரு பொருளுக்குத்தான். சத்தமில்லாமல் ஓடும் ஒரு சின்ன கரண்ட் கார்.

நாகர்கோவில் ஷோரூமில் சாவியை வாங்கிக்கொண்டு அவரே தனியாக ஓட்டி வந்தார். தக்கலை தாண்டுவதற்குள் முகம் சுருங்கிவிட்டது. வண்டி மெதுவாகப் போகும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. கொசு பெரிதாகி மனிதக் குரலில் ரீங்கரித்தால் எப்படி இருக்கும், அப்படி. நடந்து போகிறவர்களுக்குத் தெரிவதற்காக பம்பருக்கு அடியில் ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறது என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து மார்த்தாண்டம் வந்து சேரும்வரை அது நிற்கவில்லை.

மார்த்தாண்டத்தில் டெனிஷின் கார் அக்சஸரீஸ் கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். சீட் கவர், தரைக்கு மேட், கண்ணாடிக்கு மேலே மழைத்தடுப்பு எல்லாம் அன்றே போட்டார்கள். நாலு கதவுகளையும் பிரித்து உள்ளே கறுப்பு ஷீட் ஒட்டினான் டெனிஷ். வெளி இரைச்சல் உள்ளே வராமல் இருக்க. எல்லாம் முடிந்ததும் குமாரதாஸ் பம்பரைக் காட்டி, அந்த முனகலையும் நிறுத்திவிடச் சொன்னார்.

டெனிஷ் தயங்கினான். "அண்ணே, அது ஆளுவளுக்கு அறியதுக்கு வச்சிருக்கது. எடுக்காண்டாம்."

"ஹார்ன் இருக்குல்லா மக்கா. எனக்கு இந்த ஒச்ச பிடிக்கல்ல."

வேறு கடைக்குப் போவேன் என்றும் சொன்னார். டெனிஷ் குனிந்து ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டான். அதற்குக் காசும் வாங்கவில்லை, பில்லிலும் எழுதவில்லை. ஆக, ஊருக்குள் அந்த வண்டி முதல் நாளே ஊமையாகத்தான் வந்தது. அவர் மனைவி ஞானத்துக்குக்கூட அதற்கொரு குரல் இருந்தது தெரியாது.

ஒரு மாதம் அவர் சொர்க்கத்தில் இருந்தார் என்றே சொல்லவேண்டும். தோட்டத்துச் சரிவில் வண்டி இறங்கும்போது டயருக்கடியில் சருகு நொறுங்குவது கேட்கும். மரத்திலிருந்து சிரட்டைக்குள் பால் சொட்டுவதுகூடக் கேட்கும் என்று ஞானத்திடம் சொல்லிக்கொள்வார். முன்னால் நடந்து போகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அடிப்பது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். அவர்களே திரும்பிப் பார்க்கட்டும் என்று மெதுவாகப் பின்னால் போவார். திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, "அம்மோ, நீங்களா" என்று சிரித்து ஒதுங்குவார்கள். அந்தத் திடுக்கிடலை அவர் கொஞ்சம் ரசித்தார். பின்னாட்களில் எதை மன்னித்தாலும் இதற்காக அவரால் தன்னை மன்னிக்க முடியவில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலையில், பத்து மணிக்கு, பூங்கனி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்பது வயது. முத்துநாயகத்தின் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். புருஷன் இல்லை, மகள் ஜின்சி மார்த்தாண்டத்தில் காலேஜில் படிக்கிறாள். முந்நூறு மரத்துப் பாலையும் இரண்டு பக்கெட்டில் எடுத்துக்கொண்டு, பாலை உறையவைத்து ரோலரில் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகைக்குப் போகிற வழி. ரோட்டின் இடதோரமாகத்தான் நடந்தாள். அவளைத் தாண்டிவிடலாம் என்று இவர் வலதுபக்கம் எடுத்தார். கொட்டகை வலதுபக்கம் இருந்தது. பின்னால் ஒன்றும் கேட்காததால் அவள் திரும்பிப் பார்க்காமலே குறுக்கே கால் வைத்தாள்.

வேகம் ஒன்றுமில்லை, சைக்கிள் போகிற வேகம்தான். ஆனால் அவள் விழுந்தது ஓடைப்பாலத்தின் கல்விளிம்பில், இடுப்பு அடிபட. இரண்டு பக்கெட் பாலும் ரோட்டில் பரவி, மழைநீரோடு சேர்ந்து சரிவில் வெள்ளையாக இறங்கியது. அவர் ஓடிப்போய்த் தூக்கியபோது அவள் அலறவில்லை. "நான் கேக்கல்லியே அண்ணே, நான் ஒண்ணும் கேக்கல்லியே," என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கூடிய ஆட்களும் அவரைக் குறை சொல்லவில்லை. கரண்ட் வண்டிக்கு ஒச்சையே கிடையாது, அவர் என்ன செய்வார் என்றார்கள். ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து கேட்டபோது, கேஸ் வேண்டாம், பார்க்காமல் குறுக்கே போனது நான்தான் என்று பூங்கனியே சொல்லிவிட்டாள். இரண்டு ஆபரேஷன் நடந்தது. செலவு முழுக்க குமாரதாஸ் பார்த்தார். சபையில் போதகர் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார். இடுப்பில் தகடு வைத்திருப்பதால் இனி ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கலாம், மேடுபள்ளத்தில் மரம் மரமாக நடக்கிற வேலை முடியாது என்று டாக்டர் சொன்னபோது அவர் வராந்தாவில் நின்றிருந்தார். ஒயரைக் கழற்றியதைச் சொல்லிவிட வாயெடுத்தார். ஜின்சி அழுதுகொண்டிருந்தாள். இப்போது சொன்னால் அவளுக்கு அது இன்னொரு அடி என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்.

மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் டெனிஷின் கடைக்குப் போனார். டெனிஷ் முகம் பார்க்கவில்லை. டேப்பைப் பிரித்து ஒயரை மாட்டிக் கொடுத்து, "இதப்பற்றி இனி நாம பேசாண்டாம் அண்ணே," என்று மட்டும் சொன்னான். பின்னால் எடுக்கும்போது பீப் அடிக்கிற கருவியும், முன்னுக்கும் பின்னுக்கும் கேமராவும் வைக்கச் சொன்னார். வைத்தான். வண்டி முனகிக்கொண்டே ஊருக்குள் வந்தது. அந்த முனகல் அவருக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதே ஒரு தண்டனை என்று நினைத்தார்.

அது தண்டித்தது அவரை அல்ல.

ஜங்ஷன் டீக்கடைக்கு முன்னால் வண்டி மெதுவாக வந்து நின்றதை முத்துநாயகம் கவனித்தார். எழுந்து வந்து பம்பர் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். "வண்டிக்க ஒச்ச இவ்வளவு தெளிவா கேக்குதே. ஒச்சையில்லன்னு நாமதான் கவனிக்காம சொல்லியாச்சு. அப்போ பூங்கனிக்குத்தான் செவி போயாச்சு," என்றார்.

அவ்வளவுதான். ஒவ்வொருத்தருக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. போன கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டேன், திரும்பவே இல்லை என்றார் ஒருவர். பால் வெட்டுகிற தோட்டத்தில் நின்றுகொண்டு போனை எடுக்கமாட்டாள் என்றார் இன்னொருவர். குமாரதாஸ் கையில் டீ இருந்தது. அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் அவர் டீயைக் குடித்து முடித்தார்.

பேச்சு பூங்கனி வீட்டுக்கும் போனது. ரோட்டோரத்து வீடு. கட்டிலில் கிடந்தபடியே அவளும் அந்த முனகலைக் கேட்டாள். வீட்டுக்குள் கிடக்கும்போது கேட்கிறதே, அன்றைக்கு முதுகை ஒட்டிப் பின்னால் வந்தபோது எப்படிக் கேட்காமல் போனது என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஜின்சி அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். அந்த வயதில் யாருக்கும் இருக்கிற மாதிரி ஒரு சின்னக் குறை இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஜின்சிக்கு அது போதுமாக இருந்தது. தோல் நிறத்தில் ஒரு சின்ன மெஷின் பூங்கனியின் காதில் ஏறியது.

இடுப்பு கொஞ்சம் தேறியதும் பூங்கனி முத்துநாயகத்திடம் ஆள் விட்டாள். நடக்கத்தானே முடியாது, கொட்டகையில் உட்கார்ந்து ஷீட் அடிக்கிற வேலையாவது தரவேண்டும் என்று. ரோலரில் கை போய்விடும், செவி கேட்காத ஆளை மெஷின் பக்கத்தில் வைக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். ஜின்சி காலேஜை நிறுத்திவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கப் போனாள். இதையெல்லாம் ஞானம் ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். குமாரதாஸ் கையைக் கழுவிவிட்டு எழுந்து நடந்தே பூங்கனி வீட்டுக்குப் போனார்.

பூங்கனி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பீக்கர், ஒயர், டேப், டெனிஷ் வேண்டாம் என்று சொன்னது, பிறகு திரும்ப மாட்டியது. அவள் கத்திரியைத் தட்டில் வைத்தாள்.

"எதுக்கு எடுத்தீங்க?"

"எனக்கு அந்த ஒச்ச பிடிக்கல்ல பூங்கனி."

அவள் நறுக்கிய இலைகளைத் தட்டில் அடுக்கினாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவர் நின்றார். கடைசியில், "அப்போ எனக்க செவிக்கு ஒண்ணுமில்ல," என்றாள். கேள்வி மாதிரியும் இருந்தது. பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன? முத்துநாயகம் அண்ணன்கிட்ட சொல்லுங்க. சபையில சொல்லுங்க," என்றாள்.

அவர் அன்றே முத்துநாயகத்திடம் போனார். முத்துநாயகம் முழுக்கக் கேட்டுவிட்டு அவர் தோளில் கை போட்டார். ஆஸ்பத்திரிச் செலவும் பார்த்து, இப்போது அவளுக்கு வேலை கிடைக்கட்டும் என்று பழியையும் தலையில் எடுத்துக்கொள்கிறாரே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்றார். குமாரதாஸ் உடனே டெனிஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"எந்த ஒயரு அண்ணே?" என்றான் டெனிஷ். "நான் சீட் கவரும் மேட்டும் ஷீட்டும் தானே போட்டேன். பில்லு இருக்கு, பாருங்க."

மறுநாள் மார்த்தாண்டம் போய் அவன் முன்னால் உட்கார்ந்தார். டெனிஷ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினான். கேஸ் என்று வந்தால் முதலில் பிடிப்பது தன்னைத்தான் என்றான். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கின்றன என்றான். அதற்கும் மேலே, "நான் வேண்டாம்னு சொன்னேன்லா அண்ணே," என்றான். குமாரதாஸ் எழுந்து வந்துவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சாட்சி சொல்கிற நேரத்தில் அவர் முன்னால் போய் மைக்கைப் பிடித்தார். வண்டியின் ஒச்சையை எடுக்க வைத்தது நான்தான், பூங்கனிக்குக் காது நன்றாகக் கேட்கும், குற்றம் என்னுடையது என்றார். சொன்னதெல்லாம் உண்மை, சொன்ன வரிசையும் சரிதான். ஆனால் பெண்கள் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தபோதே, யாரும் நம்பவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிறருடைய பாரத்தைச் சுமப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்று போதகர் கேட்டு, எல்லோரையும் முழங்காலிடச் சொன்னார்.

வெளியே மாமரத்தடியில் ஜின்சி நின்றிருந்தாள். அவள் மட்டும் அழவில்லை.

"நெசமா?" என்று கேட்டாள்.

"நெசம்தான் பிள்ளே."

"நான் அம்மய டெய்லி ஏசினேன். செவி கேக்காதவ ரோட்டுல எதுக்கு நடந்தான்னு. அந்த மெஷின மாட்டமாட்டேன்னு சொன்னதுக்குக் கையப் பிடிச்சு முறுக்கி மாட்டிவிட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "ஆஸ்பத்திரியில வச்சு சொல்லியிருந்தா எல்லாரும் நம்பியிருப்பாங்க. இப்ப நான் மட்டுந்தான் நம்புதேன்."

அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் பூங்கனி ஆள் விட்டு அவரை வரச் சொன்னாள். காரோடு வரச் சொன்னாள். போனபோது வாசல்நடையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காதிலிருந்த மெஷினைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். ரோட்டுச் சரிவில் மேலே போய்த் திரும்பி, அன்றைக்கு வந்த மாதிரி மெதுவாக வரச் சொன்னாள். அவர் மேலே போனார். சரிவில் வண்டியை விட்டார். முனகல் எழுந்தது. இருபதடி இருக்கும்போதே அவள் வலது கை உயர்ந்தது.

அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அவள் திரும்பவில்லை.

"கேக்குது அண்ணே. நல்லா கேக்குது," என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். விழுந்த அன்றைக்கும் அழாதவள். அவர் பக்கத்தில் போகப் போனார். அந்தக் கையாலேயே போகச் சொல்லிக் காட்டினாள்.

முத்துநாயகம் கொட்டகை வேலைக்கு வேறு ஆளை வைத்துவிட்டார். சபைக் கமிட்டிக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது எதிர்ப்பில்லாமல் குமாரதாஸின் பெயர் வந்தது. தனக்கு அந்தத் தகுதி இல்லை என்று அவர் எழுந்து சொன்னார். அவரது தாழ்மையைப் பாராட்டிவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டார்கள். பூங்கனி ஊன்றுகோலோடு சபைக்கு வரத் தொடங்கினாள். வரும்போது மெஷினை மாட்டிக்கொண்டுதான் வந்தாள். அது இல்லாவிட்டால் எல்லோரும் அவள் காதுக்குள் வாயை வைத்துக் கத்திப் பேசுகிறார்கள், அதைத் தாங்க முடியவில்லை என்று ஞானத்திடம் சொன்னாளாம்.