வருத்தக்காரப் புரொபசர்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் கனகலிங்கத்தை நேரில் பார்த்திராதவர்கள்கூட அவர் மருத்துவக் கல்லூரியில் படிப்பிக்கிறார் என்பதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். மனைவி சுலோச்சனா வெள்ளிக்கிழமைதோறும் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் சொன்னதன் பலன் அது. முதலில் 'படிப்பிக்கிறார்' என்றுதான் சொன்னாள். தொண்ணூறாம் ஆண்டளவில் அது 'லெக்சரர்' ஆனது. இரண்டு தைப்பொங்கல் கழிய, 'புரொபசர்'.

மகள் சிவகௌரி வேறொரு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. சினிமாவில் ஆஸ்பத்திரிகள் எப்படிக் காட்டப்படுகின்றன என்று அவள் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதற்காக, பிரிட்டனில் கறுப்பினத்தவர் எடுத்த படங்களைப் பற்றிய தடித்த புத்தகமொன்றை நூலகத்தில் புரட்டியபோது, ஒரு பக்கத்தில் அப்பா நின்றார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், எதிரே தரை துடைக்கும் கறுப்பினப் பெண். 'டாக்டராக நடித்தவர்: பெயர் தெரியவில்லை' என்று படத்தின் கீழே போட்டிருந்தது.

அன்று பின்னேரம் அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துப் புத்தகத்தை அவர் முன்னால் விரித்தாள்.

“அப்பா, இது நீங்கள்தானே?”

கனகலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஓம். அப்ப தலைமயிர் இருந்தது.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவருக்கு லண்டனில் தபால் பிரிக்கும் வேலைதான் கிடைத்தது. கூட வேலை செய்த டெல்ராய் என்ற ஜமெய்க்காக்காரர், நண்பர்களோடு சேர்ந்து சனி ஞாயிறுகளில் படம் எடுத்தார். ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண்ணைப் பற்றிய படத்துக்கு ஒரு டாக்டர் தேவைப்பட்டது. இருந்த ஒரே கோட்டு கனகலிங்கத்துக்குத்தான் அளவாக இருந்தது. படத்தை ஒரு மண்டபத்தில் நாற்பது பேர் பார்த்தார்கள். அதில் ஒருத்தி மருத்துவக் கல்லூரியில் வேலை செய்தாள். மாணவர்கள் பேசிப் பழகுவதற்கு நோயாளிகளாக நடிக்கக்கூடிய ஆட்களை அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

“அப்ப நீங்கள் அங்க படிப்பிக்கிறேல்லையா?”

“இல்லைப் பிள்ளை. வருத்தக்காரனா நடிச்சுப் படுத்துக் கிடக்கிறன். திங்கள் நெஞ்சு நோ, புதன் நீரிழிவு. மருத்துவப் பிள்ளையளோட வேலை எண்டுதான் அம்மாவுக்குச் சொன்னன். மிச்சத்தை அவ சேர்த்துக்கொண்டா.”

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழத் தொடங்கினாள். நோயாளியிடம் பேசும் சோதனையில்தான் அவள் இரண்டு வாரத்துக்கு முன் பெயிலாகியிருந்தாள். புரொபசரின் மகள் அதை எப்படி வீட்டில் சொல்வது?

“ஏன் பெயில் விட்டவை?”

“கேள்வி கேக்கிறனாம். பதிலைக் கேக்கிறேல்லையாம்.”

கனகலிங்கம் எழுந்து சோபாவில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்தார். “சரி. என்னைக் கேள்.”

அதன்பின் சுலோச்சனா இல்லாத பொழுதெல்லாம் அந்த சோபா ஆஸ்பத்திரிக் கட்டிலானது. மூன்றாவது வாரம், பஸ் தாமதமில்லாமல் வந்ததால் சுலோச்சனா நேரத்தோடு திரும்பினாள். அறைக் கதவுக்கு அந்தப்பக்கம் புருஷனின் குரல் தளர்ந்து கேட்டது.

“ஒரு மாதமா நோகுது, டொக்டர். மனிசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

அவள் உள்ளே ஓடவில்லை. நேரே டெலிபோனை நோக்கி ஓடினாள். தெருமுனையில் இருந்த கும்பகோணத்து டாக்டர் நரசிம்மனைக் கூப்பிட்டாள். அடுத்து, கோயில் சிநேகிதி கனகாம்பிகையை. அதன்பிறகுதான் அழுதுகொண்டே அறைக்குள் வந்தாள். அப்பாவும் மகளும் உண்மையைச் சொன்னார்கள்.

“அப்ப நெஞ்சு நோ இல்லை?”

“இல்லை.”

“புரொபசரும் இல்லை?”

“இல்லை.”

சுலோச்சனா கதிரையில் உட்கார்ந்தாள். வெளியே கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“நோ பொய்யெண்டா, ஏன் நடிச்சவர் எண்டு கனகாம்பிகை கேப்பா. பிறகு எல்லாம் வெளியில வரும். பேசாமப் படுங்கோ!”

கனகலிங்கம் படுத்தார். கனகாம்பிகை திராட்சைக் குலையோடு வந்து கண்கலங்கினாள். அவருக்கு உற்சாகம் பிறந்தது. வலியை இடது தோளுக்கும் கொஞ்சம் அனுப்பினார். நரசிம்மன் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். இறக்கிவிட்டு மறுபடியும் அடித்தார்.

“சார், நெஞ்சு வலி ஒரு பக்கம் இருக்கட்டும். பிரஷர் நூத்தித் தொண்ணூறு இருக்கே! கடைசியா எப்ப செக் பண்ணீங்க?”

ஏழு வருடங்களில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் அவரிடம் நோய் விசாரித்திருந்தார்கள். ஒருவரும் பிரஷர் பார்த்ததில்லை. கனகலிங்கம் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். சிவகௌரி பக்கத்தில் வந்து முழங்காலில் இருந்தாள்.

“அப்பா, தலையிடிக்குதா?”

“சில நேரம், விடியக்காலையில.” அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. அவள் அடுத்த கேள்வியைக் கேட்காமல் காத்திருந்தாள். “பயமாக் கிடக்குது பிள்ளை,” என்றார்.

சிவகௌரி அடுத்த மாதம் சோதனையில் பாஸானாள். புரொபசர் அளவுக்கு மீறிப் படிப்பித்ததால் பிரஷர் வந்துவிட்டதாகக் கோயிலில் பேசிக்கொண்டார்கள். கனகலிங்கம் தினமும் மாத்திரையை விழுங்கிவிட்டு, திங்களும் புதனும் வழக்கம்போல வேலைக்குப் போனார். உப்பில்லாத குழம்புக்கு முகம் சுளித்தால் மட்டும், “இஞ்ச நடிக்க வேண்டாம், சாப்பிடுங்கோ,” என்றாள் சுலோச்சனா.